கந்தகப்பூ பக்வீட் வாடும்போது: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

அமெரிக்காவின் மேற்கு மலைநாட்டில், ஆண்டுக்கு ஒரு சாண், மிஞ்சினால் இரண்டு சாண் மழை பெறும் கற்சரிவுகளில் தானாக வளரும் காட்டு பக்வீட் இனங்களுள், வீட்டுத் தோட்டங்களுக்கு அதிகமாக வந்து சேர்ந்திருப்பது எரியோகோனம் அம்பெல்லாட்டம் என்ற செடியாகும். அதன் பூ கந்தகத்தின் மஞ்சளை ஒத்திருப்பதால் அங்கே அதைச் சல்ஃபர் ஃபிளவர் என்று அழைக்கிறார்கள். நான் இங்கே கந்தகப்பூ என்றே எழுதுகிறேன். 1820-இல் ஸ்டீபன் லாங் தலைமையிலான பயணக்குழுவோடு ராக்கி மலைக்குச் சென்ற எட்வின் ஜேம்ஸ் திரட்டி வந்த தாவரங்களை ஆராய்ந்த ஜான் டோரி, 1827-இல் இதற்கு இப்பெயரைச் சூட்டினார். குடைக்கம்பிகளைப் போல ஒரே புள்ளியிலிருந்து விரியும் பூக்காம்புகளே அம்பெல்லாட்டம் என்ற சொல்லுக்குக் காரணம். உண்ணும் மாவைத் தரும் பக்வீட் பயிரும் இதுவும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. நாம் புளிப்புக்காகச் சமைக்கும் சுக்காங்கீரையும், நம் ஊர் வேலிகளில் இளஞ்சிவப்புக் கொத்துகளாகப் படரும் கொடி ரோஸும் அதே குடும்பத்தில்தான் வருகின்றன. ஆனால் அவற்றுக்குச் செய்யும் பராமரிப்பை இதற்குச் செய்தால் செடி தாங்காது.

கொலராடோ மாநிலத்தின் டென்வர் நகருக்கு மேற்கே, மலையடிவாரத்தில் உள்ள எங்கள் வீட்டில் முதலில் நட்ட மூன்று செடிகளும் ஓராண்டுக்குள் செத்துப்போயின. மூன்றையும் நான் தண்ணீர் ஊற்றியே கொன்றேன் என்பது, மூன்றாவதைப் பிடுங்கி வேரைப் பார்த்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. காலையும் மாலையும் செடிக்குத் தண்ணீர் ஊற்றும் வீட்டில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு, வாடிய இலையைக் கண்டதும் கை தானாகக் குழாயை நோக்கிப் போகும். இந்தச் செடியின் சிக்கல் என்னவென்றால், தாகத்தால் வாடினாலும் ஈரம் மிகுந்து வேர் அழுகினாலும் மேலே தெரியும் தோற்றம் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கிறது. ஆகவே எந்த அறிகுறி தோன்றினாலும், கீழே சொல்லும் முதல் சோதனையை முடிக்காமல் தண்ணீரோ உரமோ மருந்தோ கொடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

எதையும் செய்யும் முன் பார்க்க வேண்டியவை

செடியின் தூரிலிருந்து ஒரு சாண் தள்ளி, நீண்ட ஸ்குரூடிரைவர் ஒன்றை மண்ணுக்குள் அழுத்துங்கள். அது தடையில்லாமல் கைப்பிடி வரை இறங்கி, வெளியே எடுக்கும்போது கம்பியில் மண் ஒட்டிக்கொண்டு வந்தால் உள்ளே ஈரம் போதுமான அளவு இருக்கிறது என்று பொருள். நான்கு விரல் ஆழத்துக்குக் கீழே இறங்க மறுத்தால் மண் உண்மையிலேயே காய்ந்திருக்கிறது. மேல்மண்ணைத் தொட்டுப் பார்ப்பது போதாது. இங்குள்ள வெயிலும் காற்றும் மேல் ஓர் அங்குலத்தை ஒரே நாளில் காய வைத்துவிடும். அதன் கீழே களிமண் வாரக்கணக்கில் ஈரமாகவே இருக்கும்.

அடுத்து, தூரைச் சுற்றியிருக்கும் மூடாக்கை விரலால் விலக்கி, தண்டு மண்ணைத் தொடும் இடத்தைப் பாருங்கள். நலமான செடியில் அந்த இடம் கெட்டியான, பழுப்பு நிற, உரிந்து நிற்கும் மரப்பட்டையாக இருக்கும். அங்கே கருமையோ வழவழப்போ தெரிந்தால் இலைகளில் காரணம் தேட வேண்டியதில்லை.

மூன்றாவதாக, செடி எந்த ஊரைச் சேர்ந்தது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். இந்த ஓர் இனத்துக்குள்ளேயே நாற்பதுக்கும் மேற்பட்ட வகைகளைத் தாவரவியலாளர்கள் பிரித்திருக்கிறார்கள். சேஜ் புதர்கள் நிறைந்த சமவெளியில் இடுப்பளவு அகலத்துக்குப் புதராக விரியும் வகையும் உண்டு. மரங்களே இல்லாத மலையுச்சியில் உள்ளங்கை உயரம்கூட வளராமல் பாறையோடு ஒட்டிக் கிடக்கும் வகையும் உண்டு. உச்சிமலை வகையை வெப்பம் மிகுந்த தாழ்நிலத் தோட்டத்தில் நட்டுவிட்டு அதன் நோயைத் தேடிக்கொண்டிருந்தால் காலம்தான் வீணாகும். வாங்கிய நர்சரியில் வகையின் பெயரையும் விதை எடுத்த இடத்தையும் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: செடி முழுவதும் மங்கிய சாம்பல் பச்சையாகித் துவள்கிறது, மண்ணோ ஈரமாக இருக்கிறது

இது தூர் அழுகல் அல்லது வேர் அழுகல். நான் பார்த்த சாவுகளில் பெரும்பாலானவை இதனால்தான் நேர்ந்தன. முதலில் ஒரு கிளை மட்டும் நிறம் மங்கும்; இலைகள் உதிராமல் காம்பிலேயே தொங்கும்; இரண்டு மூன்று வாரங்களில் மற்றக் கிளைகளும் தொடரும். அந்த மூன்றாவது செடியை நான் இழுத்தபோது எந்த எதிர்ப்பும் இல்லாமல் கையோடு வந்தது. ஆணிவேரை இரு விரலால் பிடித்ததும், ஊறவைத்த வேர்க்கடலையின் தோல் கழல்வதைப் போல வேரின் பட்டை முழுவதும் கழன்று, உள்ளே நூல் போன்ற நாரொன்று மட்டும் மிஞ்சியது. தேங்கிய சாக்கடையின் வாடை அடித்தது. அந்த நிலைக்குச் சென்ற செடியைக் காப்பாற்ற வழியில்லை. அதே குழியில் உடனே வேறொன்றை நடவும் கூடாது.

ஒரு கிளை மட்டும் மங்கிய நிலையில் கண்டுகொண்டால் வாய்ப்பிருக்கிறது. தண்ணீரை முழுவதுமாக நிறுத்துங்கள். மரச்சில்லு மூடாக்கு இருந்தால் தூரிலிருந்து இரண்டு சாண் தொலைவுக்கு அதை அள்ளி எடுத்துவிடுங்கள். தூரைச் சுற்றி ஏறியிருக்கும் மண்ணை ஒதுக்கி, தண்டு காற்றுப் படும்படி திறந்துவிட்டு, அந்த வெற்றிடத்தில் சிறு சரளைக் கற்களை இரண்டு அங்குல உயரத்துக்குப் பரப்புங்கள். மங்கிய கிளையை அதன் அடி வரை வெட்டி அகற்றுங்கள். புல்தரைக்குப் போகும் தெளிப்பான் இந்தச் செடியையும் நனைக்கிறதா என்பதை, அது ஓடும் நேரத்தில் நேரில் நின்று பாருங்கள். வாரம் மூன்று முறை ஓடும் தெளிப்பானின் விளிம்பில் நட்ட கந்தகப்பூ இரண்டாவது கோடையைக் கடப்பது அரிது.

இங்கே களிமண்ணைப் பற்றி ஒரு விளக்கம் தேவைப்படுகிறது. களிமண்ணே இதற்கு எமன் என்று பலர் சொல்கிறார்கள். அது பாதி உண்மைதான். கொலராடோவின் டெல்டா, மான்ட்ரோஸ் மாவட்டங்களில் மட்டுமே காணப்படும் எரியோகோனம் பெலினோஃபிலம் என்ற உறவினச் செடி, வேறு செடிகள் அதிகம் முளைக்காத மான்கோஸ் களிக்கல் குன்றுகளில்தான் வாழ்கிறது. அதன் பெயரின் பொருளே களிமண்ணை விரும்புவது என்பதாகும். 1984-இல் அமெரிக்க அரசு அதை அழியும் நிலையில் உள்ள இனங்களின் பட்டியலில் சேர்த்தது. அந்தக் குன்றுகளுக்கு யாரும் பாசனம் செய்வதில்லை. பெய்யும் சிறு மழையும் சரிவில் வழிந்து ஓடிவிடுகிறது. ஆக வேரைக் கொல்வது களிமண்ணோடு தேங்கும் தண்ணீரே ஆகும். உங்கள் மண் களிமண்ணாக இருந்தால், ஒரு முழம் ஆழத்துக்குக் குழி வெட்டி, நீர் நிரப்பி வடியவிட்டு, மீண்டும் நிரப்பி அளந்து பாருங்கள். ஒரு மணி நேரத்தில் ஓர் அங்குலம்கூட இறங்கவில்லையென்றால், அந்த இடத்தில் குழியில் நடாமல், உடைகல்லும் மணலும் ஊர் மண்ணும் கலந்த மேட்டை ஒரு சாண் உயரத்துக்குக் குறையாமல் எழுப்பி அதன் மேல் நட வேண்டும். குழிக்குள் மட்டும் சரளையைக் கொட்டி நிரப்பினால், சுற்றியுள்ள களிமண்ணிலிருந்து தண்ணீர் அதற்குள் வந்து தேங்கும். அது தொட்டிக்குள் நட்டதற்குச் சமம்.

அறிகுறி: புதிதாக நட்ட செடி, தண்ணீர் ஊற்றியும் முதல் கோடையிலேயே மொறுமொறுவென்று காய்கிறது

இது முந்தியதற்கு நேர் எதிரான குறை. இதையும் நான் அடிக்கடி காண்கிறேன். நர்சரித் தொட்டியில் செடி பீட் எனும் சதுப்புநில மட்குக் கலவையிலோ தென்னை நார்க்கழிவிலோ வளர்ந்திருக்கும். அந்த உருண்டையை அப்படியே எடுத்துச் சரளை மண்ணில் வைக்கும்போது, உருண்டை ஒருமுறை முற்றிலும் காய்ந்துவிட்டால் அதன் பிறகு தண்ணீரை எளிதில் உள்ளே வாங்காது. நாம் ஊற்றும் தண்ணீர் பக்கவாட்டில் வழிந்து சரளைக்குள் போய்விடும். சுற்றுமண்ணில் ஈரம் இருக்கும், வேரில் இருக்காது. வேரும் தன் பழைய கலவையை விட்டு வெளியே போயிராது. இரண்டு ஆண்டுக்குப் பிறகு தோண்டிப் பார்த்தபோதும் தொட்டியின் வடிவம் மாறாமல், அடியில் வடிதுளையின் அச்சுகூடப் பதிந்திருந்த ஒரு வேருருண்டையை நான் கையில் வைத்துப் பார்த்திருக்கிறேன்.

இதைக் கண்டறிய, தூருக்கு மிக அருகில் மெல்லிய குச்சியைச் செருகிப் பாருங்கள். வெளிமண் ஈரமாகவும் தூரை ஒட்டிய கலவை தூளாகவும் இருந்தால் காரணம் இதுதான். உடனடித் தீர்வாக, அடியில் ஊசித்துளை இட்ட ஒரு பழைய பால் கேனில் தண்ணீர் நிரப்பித் தூரருகே வைத்து, மணிக்கணக்கில் சொட்டுச் சொட்டாக இறங்கச் செய்யுங்கள். இரண்டு நாள் விட்டு இன்னொரு முறை செய்தால் உருண்டை மறுபடியும் நனையத் தொடங்கும்.

அடுத்த முறை நடும்போது, வாளித் தண்ணீரில் வேருருண்டையை முக்கி, கலவையில் பாதிக்கு மேல் அலசி எடுத்துவிட்டு, வேர் நேரடியாகத் தோட்ட மண்ணைத் தொடும்படி நடுங்கள். ஆணிவேர் தொட்டியின் அடியில் வட்டமாகச் சுற்றியிருந்தால் அதை நீட்டி விடுங்கள். நீட்ட முடியாவிட்டால் சுற்றிய முனையை வெட்டிவிடலாம். பெரிய தொட்டியில் பூத்துக் குலுங்கும் செடியைவிட, ஒல்லியான நீண்ட குழாய்த் தொட்டியில் உள்ள சிறு செடி இரண்டே ஆண்டுகளில் முந்திவிடும். இளவேனிலில் நட்டால் முதல் கோடை முழுவதும் வாரம் ஒருமுறை ஆழமாகவும், செப்டம்பருக்குப் பிறகு இரு வாரத்துக்கு ஒருமுறையும் தண்ணீர் கொடுக்க வேண்டும். இரண்டாம் ஆண்டில் மழை அறவே இல்லாத மாதத்துக்கு ஒருமுறை போதும். அதன் பிறகு, ஆண்டுக்கு ஏறத்தாழ 370 மில்லிமீட்டர் மழையும் பனியும் பெறும் டென்வர் போன்ற ஊரில், கடும் வறட்சியைத் தவிர வேறு எப்போதும் இதற்குத் தண்ணீர் தேவைப்படாது.

அறிகுறி: இலைகள் சிவந்து கருஞ்சிவப்பாகின்றன, மஞ்சள் பூக்கள் துருப்பிடித்த நிறத்துக்கு மாறுகின்றன

இரண்டும் நோயல்ல. அக்டோபருக்குப் பின் இரவுக் குளிரில் இலைகள் திராட்சை ரசத்தின் நிறத்துக்கு மாறி, குளிர்காலம் முழுவதும் அப்படியே இருந்து, ஏப்ரலில் மறுபடியும் பசுமையாகும். கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகமும் டென்வர் தாவரவியல் பூங்காவும் இணைந்து நடத்தும் பிளான்ட் செலக்ட் திட்டத்தின் வழியாகப் பரவிய கன்னா கிரீக் என்ற தேர்ந்தெடுத்த தோட்ட வகைக்கு இந்தக் குளிர்கால நிறமே பெருமை. பூவும் உதிராமல் செடியிலேயே மஞ்சளிலிருந்து ஆரஞ்சாகவும், பிறகு செங்கல் நிறமாகவும் காயும். உள்ளே விதை முற்றுவதன் அடையாளம் அது, வெட்டிவிடாதீர்கள்.

கோடையின் நடுவில் இலை சிவந்தால் மட்டும் முதல் சோதனைக்குத் திரும்புங்கள். இலையின் அடிப்பக்கத்தில் விரலில் ஒட்டும் ஆரஞ்சுத் தூள் இருந்தால் அது துரு நோய். அந்த இலைகளைக் கிள்ளிக் குப்பையில் போட்டு, இலை நனையாமல் தண்ணீர் பாய்ச்சினால் பெரும்பாலும் அதுவே போதுமானது.

அறிகுறி: இலைகள் மஞ்சளாகின்றன

அடிப்பக்கத்துப் பழைய இலைகள் மட்டும் மஞ்சளாகி உதிர்ந்தால் அது ஆண்டுதோறும் நடப்பது. நுனி இலைகளும் சேர்ந்து வெளிறினால், இரும்புச்சத்துக் குறைவு என்று முடிவுகட்டி மருந்து வாங்க வேண்டாம். மேற்கு மலைநாட்டின் காரமண் இந்தச் செடிக்குப் பிறந்த மண்; அங்கே இரும்பை எடுத்துக்கொள்ள அதற்குத் தெரியும். மூச்சு முட்டிய வேர் எதையும் உறிஞ்சாது என்பதால்தான் இலை வெளிறுகிறது. மேலே சொன்னபடி மூடாக்கை விலக்கி, தண்ணீரைக் குறைத்து, மூன்று வாரம் பொறுங்கள்.

அறிகுறி: செடி செழித்து நீள்கிறது, ஆனால் பூக்கவில்லை, அல்லது நடுவில் பிளந்து சாய்கிறது

விதையிலிருந்து வந்த செடி என்றால் முதலில் அதன் வயதை எண்ணுங்கள். இரண்டாவது அல்லது மூன்றாவது ஆண்டில்தான் இது பூக்கத் தொடங்கும். அதுவரை தன் வலிமையைக் கீழே வேரில் செலுத்திக்கொண்டிருக்கும். வயது கடந்தும் பூக்காவிட்டால் நிழலையும் உரத்தையும் சந்தேகிக்க வேண்டும். நாளுக்கு ஆறு மணி நேரத்துக்குக் குறைவான நேரடி வெயில் படும் இடத்தில் காம்புகள் வெயிலைத் தேடி ஒரே பக்கமாக நீளும். பக்கத்து மேப்பிள் மரம் ஐந்தாண்டுகளில் வளர்ந்து நிழல் பரப்பியிருப்பதை நாம் கவனிப்பதில்லை, செடி கவனித்துவிடுகிறது.

உரத்தைப் பொறுத்தவரை, மட்கிய தொழுவுரம்கூட இதற்கு வேண்டாம் என்று உறுதியாகச் சொல்கிறேன். வளமான மண்ணில் இலை பெரிதாகி, தண்டு நீர்த்தன்மை கொண்டு, ஈரப்பனியின் எடை விழுந்ததும் நடுவில் பிளக்கும். அந்தப் பிளவின் வழியே தூர் அழுகலும் நுழையும். ஏற்கெனவே எரு கலந்துவிட்ட மண்ணாக இருந்தால், செடி சிறியதாக இருக்கும்போதே செப்டம்பர் தொடக்கத்தில் வேறிடம் மாற்றிவிடுங்கள். மூன்று வயதைத் தாண்டிய செடியை இடம் மாற்றினால் ஆணிவேர் அறுபடும். அது பெரும்பாலும் பிழைக்காது.

அறிகுறி: செடியின் நடு வழுக்கையாகி, ஓரத்தில் மட்டும் பசுமை இருக்கிறது

வயதான செடிக்கு இது இயல்பு. பழைய கட்டையான கிளைகளை ஒட்ட வெட்டினால் புதுத் துளிர் வரும் என்று நம்பி வெட்டிவிடாதீர்கள். இலையில்லாத பழைய கட்டையிலிருந்து இந்தச் செடி துளிர்ப்பது அரிது. நான் அப்படி வெட்டிய ஒன்று திரும்ப வரவேயில்லை. அதற்குப் பதிலாக, இளவேனிலில் அந்த வெற்றிடத்தில் கரடுமுரடான மணலையும் பொடிச் சரளையையும் கலந்து இரண்டு விரல் உயரத்துக்குத் தூவி, கைவிரலால் கிளைகளுக்கிடையே இறக்கிவிடுங்கள். மணலைத் தொட்டுக் கிடக்கும் கிளைகள் சில சமயம் அங்கேயே வேர்விடும். நடு மட்டுமன்றி ஓரமும் ஒரே பருவத்தில் காய்ந்தால் அது மூப்பாக இருக்க முடியாது, வேரைப் பாருங்கள்.

அறிகுறி: மொட்டுகளையும் பூக்களையும் ஏதோ துளைத்துத் தின்கிறது, பூக்காம்புகளில் எறும்புகள் ஏறி இறங்குகின்றன

மருந்துப் புட்டியைக் கீழே வைத்துவிட்டு, ஒரு பூக்குடையைக் கண்ணருகே பிடித்துப் பாருங்கள் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். முதலில் எதுவும் தெரியாது. எறும்பு எந்த இடத்தில் நின்று உணர்கொம்பால் தட்டிக்கொண்டிருக்கிறதோ அந்த இடத்தையே நோக்குங்கள். அரிசி மணியைவிடச் சற்றுப் பெரிதாக, பூவின் மஞ்சளையே பூசிக்கொண்டு, தட்டையான புழு ஒன்று ஒட்டியிருப்பது மெல்லப் புலப்படும். அது யூஃபிலோட்டிஸ் பேரினத்தைச் சேர்ந்த நீலன் வண்ணத்துப்பூச்சியின் புழுவாக இருக்கலாம். அது சுரக்கும் இனிப்பு நீருக்காக எறும்புகள் அதைச் சூழ்ந்து நிற்கின்றன. ஒட்டுண்ணிக் குளவிகள் அணுகாமல் காக்கின்றன.

இந்தச் சிறு நீலன்களின் வாழ்க்கை காட்டு பக்வீட்டோடு பின்னிக் கிடக்கிறது. யூஃபிலோட்டிஸ் ஆன்சில்லா என்ற இனம் பெரும்பாலும் கந்தகப்பூவில்தான் முட்டையிடும். அதன் புழு பூவையும் இளங்காயையும் தின்று வளர்ந்து, செடிக்கு அடியிலுள்ள சருகிலோ மண்ணிலோ கூட்டுப்புழுவாகி, அடுத்த ஆண்டு அதே செடி பூக்கும் வாரங்களில் வெளியே வரும். வயோமிங் மாநிலம் 2009-இல் தன் மாநில வண்ணத்துப்பூச்சியாக அறிவித்த ஷெரிடன் பச்சைச் சிறகனின் புழுக்களும் காட்டு பக்வீட்டைத் தின்றே வளர்கின்றன. பூவில் பத்தில் ஒன்று போனாலும் செடிக்கு எந்தக் கேடும் இல்லை. ஆகவே இந்த அறிகுறிக்குத் தீர்வு எதுவும் செய்யாமல் இருப்பதே ஆகும். இலையுதிர் காலத்தில் செடியடிச் சருகைக் கூட்டிப் பெருக்கினால் அந்தக் கூட்டுப்புழுக்களையும் சேர்த்தே குப்பையில் போடுகிறோம் என்பதால், அதையும் தவிர்த்துவிடுங்கள்.

எறும்புகள் புழுவைச் சூழாமல், மென்மையான நுனித்தண்டில் கூட்டமாக ஒட்டியிருக்கும் சிறு பூச்சிகளைச் சூழ்ந்திருந்தால் அவை அசுவினி. குழாய்த் தண்ணீரின் வேகத்தால் ஒரு காலைப் பொழுதில் அடித்துக் கழுவினால் போய்விடும். அசுவினி பெருகுவதே மிகை உரத்தின் அடையாளம் என்பதால் மேலே உள்ள பகுதியையும் படியுங்கள்.

அறிகுறி: தூரைச் சுற்றித் தோண்டப்பட்டிருக்கிறது, வேர் கடிபட்டிருக்கிறது

மான்கள் இதை அதிகம் தீண்டுவதில்லை. முயல் நுனியைக் கத்தரித்துவிட்டுப் போகும். அது மீண்டும் வளரும். வேரைத் தேடி வருவது எலியினங்களும் தரை அணில்களும்தான். அவை வருவது பெரும்பாலும் தண்ணீருக்காக. நெவாடாவின் எஸ்மரால்டா மாவட்டத்தில், ஏறத்தாழ 10 ஏக்கர் நிலத்தில் மட்டுமே வாழும் எரியோகோனம் டீமி என்ற அரிய பக்வீட்டுக்கு, 2020-ஆம் ஆண்டின் வறட்சியில் இதுதான் நேர்ந்தது. ஆயிரக்கணக்கான செடிகள் வேரோடு தோண்டிக் கடிக்கப்பட்டுக் கிடந்தன. அது லித்தியம் சுரங்கம் வரவிருந்த இடம் என்பதால் மனிதர்கள் செய்த அழிவோ என்ற ஐயம் எழுந்தது. சேதமான வேர்களில் எஞ்சிய மரபணுத் தடயங்களைச் சோதித்த பிறகு, கொறிக்கும் விலங்குகளே காரணம் என்று அறியப்பட்டது. 2022 டிசம்பரில் அந்த இனம் அழியும் நிலைப் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

தோட்டத்தில் இதற்குச் செய்யக்கூடியது, நடும்போதே அரை அங்குலக் கண்ணியுள்ள கம்பிவலையைக் கூடையாக வளைத்து வேரைச் சுற்றி வைப்பதும், தூரைச் சுற்றி முட்டை அளவுக் கற்களை நெருக்கமாக அடுக்குவதும் ஆகும். வறண்ட மாதங்களில் செடியிலிருந்து பத்தடி தள்ளி ஒரு தட்டில் தண்ணீர் வைப்பதும் பயன் தருவதாக என் அனுபவத்தில் தோன்றுகிறது. நஞ்சு வைக்க வேண்டாம்; அது ஆந்தைக்கும் பருந்துக்கும் போய்ச்சேரும்.

அறிகுறி: விதை முளைக்கவில்லை

விதைத்தது உண்மையில் விதைதானா என்று முதலில் பாருங்கள். காய்ந்த பூவுறையை உள்ளங்கையில் தேய்த்து ஊதினால், முக்கோண வடிவப் பழுப்பு மணி ஒன்று தங்க வேண்டும். அதை நகத்தால் அழுத்தும்போது நசுங்கினால் அது பதர். பல செடிகளில் பதரே மிகுதியாக இருக்கும் என்பதால், தேவைக்கு மூன்று மடங்கு சேகரிப்பது நல்லது. பூ செங்கல் நிறமாகி, தட்டினால் உதிரும் நிலைக்கு வந்த பிறகு எடுத்தால் பதர் குறையும்.

நல்ல மணியும் குளிர் படாமல் முளைக்காது. அக்டோபர், நவம்பரில் திறந்தவெளியில் மேலாகத் தூவி, மேலே ஒரு நெல்மணி கனத்துக்குப் பொடிச் சரளை போட்டுப் பனிக்கு விட்டுவிடுவது எளிய வழி. வீட்டுக்குள் செய்வதானால், ஈர மணலோடு கலந்து பையில் கட்டி, ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் 8 முதல் 12 வாரம் வைத்துப் பிறகு விதைக்கலாம். மணல் பிழிந்தால் சொட்டாத அளவுக்கே ஈரம் இருக்க வேண்டும். பைக்குள்ளேயே வெண்ணிற முனை தெரிந்தால் அன்றே எடுத்து நட்டுவிடுங்கள். முளைத்த நாற்று மண்மட்டத்தில் ஒடுங்கிச் சாய்ந்தால் அது நாற்றழுகல். மேலே தெளிப்பதை நிறுத்தி, தட்டில் தண்ணீர் வைத்து அடியிலிருந்து உறிஞ்சவிடுங்கள்.

காட்டிலிருந்து முழுச் செடியைப் பிடுங்கி வருவதை யாரும் எந்தக் காரணத்துக்காகவும் செய்ய வேண்டாம். ஆணிவேர் அறுந்த செடி தோட்டத்தில் பிழைப்பதில்லை. மலையில் இருந்த ஒன்றும் போய்விடுகிறது. பொதுநிலத்தில் விதை எடுப்பதற்கும் முன்னதாக அந்த நிலத்தை நிர்வகிக்கும் அலுவலகத்தில் அனுமதி விதிகளைக் கேட்டறிய வேண்டும்.

அறிகுறி: குளிர்காலம் கழிந்ததும் ஒரு பக்கம் மட்டும் பழுப்பாகிக் கிடக்கிறது

காய்ந்த பக்கம் மேற்கையோ தெற்கையோ நோக்கியிருந்தால் அது பெரும்பாலும் குளிர்காற்றின் வேலை. பனி மூடியிருக்கும்வரை இலைகள் பாதுகாப்பாக இருக்கின்றன. பனி உருகி, மண் உறைந்திருக்கும் நாள்களில் அடிக்கும் வறண்ட காற்று இலையின் நீரை உறிஞ்சிவிட, உறைந்த மண்ணிலிருந்து வேரால் அதை ஈடுசெய்ய முடிவதில்லை. நட்டு ஓராண்டு ஆகாத செடிகளுக்கு, பனியே விழாத குளிர்கால மாதங்களில், வெப்பநிலை 4 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருந்து மண் உறையாத நாளாகப் பார்த்து மதியத்தில் ஒருமுறை தண்ணீர் கொடுங்கள். இந்த வழிமுறை முழுவதிலும் தண்ணீர் ஊற்றச் சொல்லும் அரிதான இடங்களில் இதுவும் ஒன்று என்பதால், முதல் சோதனையை இங்கேயும் செய்துவிட்டே ஊற்றுங்கள்.

பழுப்பான கிளைகளை மார்ச்சில் வெட்டிவிடாமல் மே நடுப்பகுதி வரை காத்திருங்கள். நகத்தால் பட்டையை லேசாகச் சுரண்டிப் பார்த்து, உள்ளே பச்சை தெரிந்தால் அந்தக் கிளையை விட்டுவிடுங்கள். வைக்கோல் நிறம் தெரிந்தால் பச்சை தொடங்கும் இடம்வரை மட்டும் கத்தரியுங்கள். எங்கள் வாசலில் இப்போது இருக்கும் செடிகளுள் ஒன்று, ஒரு குளிர்காலத்தில் பாதி உடலை இழந்து, மே மாதத்தின் கடைசி வாரத்தில் சுரண்டிப் பார்த்த அதே கிளையில் கடுகளவு வெண்பஞ்சுத் துளிர் ஒன்றைக் காட்டியது.